பாலுக்கும் மாட்டுக்கும் ஒரே எழுத்து: டோக்கியோவில் என் முதல் நாலு மாதச் சமையல்

2024 மார்ச் கடைசியில் வேலைக்காக டோக்கியோ வந்தேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், அதற்கு முன் சென்னையில் ஆறு வருஷம். பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடக் கிடையாது. அலுவலகத்தில் விசா, வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தார்கள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புத்தர் கோயில்கள் நிறைந்த நாடு, டோஃபு (சோயா பனீர்) கிடைக்கும், அரிசிச் சோறுதான் சாப்பிடுகிறார்கள், பிறகென்ன கஷ்டம் என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை ரூபாயில் கிட்டத்தட்ட ஐம்பதாயிரம், உடம்பில் ஐந்து கிலோ. அதைவிடப் பெரியதாக ஒன்று இருக்கிறது, வரும்போது சொல்கிறேன்.

முதல் நஷ்டம் பெட்டியிலேயே வந்தது. இரண்டு பெட்டியில் ஒன்று முழுக்க சமையல் சாமான். 750 வாட் மிக்சி, மூன்று லிட்டர் அலுமினியக் குக்கர், தோசைக்கல், அம்மா இடித்துக் கொடுத்த சாம்பார்ப் பொடி. டோக்கியோவின் மேற்குப் பக்கம் சோஃபு என்ற இடத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் அடுப்பு ஒற்றை இண்டக்‌ஷன். அலுமினியம் அதில் சூடே ஏறாது. குக்கரை வைத்தால் 'பிப் பிப்' என்று கத்திவிட்டு அடுப்பு தானாக அணைந்துவிடும். அப்புறம் மிக்சி. நம் ஊரில் 230 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். இது தெரிந்துதான் வந்தேன். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போச்சு என்று 500 வாட் ஒன்றை ஒன்பதாயிரம் யென் கொடுத்து வாங்கினேன் (அப்போது ஒரு யென் சுமார் 55 பைசா). மிக்சி மோட்டார் கிளம்பும்போது எழுதியிருப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பது தெரியாது. இரண்டாவது நாள் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது கம்பளி கருகுவது மாதிரி ஒரு வாடை வந்தது, வீடே இருட்டானது. மிக்சி அதோடு சரி.

இங்கே கிளம்பப் போகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள், மிக்சியை விட்டுவிட்டு வாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் என்றால் மிக்சியின் வாட்டைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும், அது செங்கல் மூட்டை கனம், விலையும் மிக்சியைத் தாண்டும். 100 வோல்ட்டில் ஓடும் மிக்சியை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். குக்கர் கொண்டுவருவதாக இருந்தால் அடியில் இண்டக்‌ஷன் தட்டு வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும். வீட்டில் காஸ் என்றால் அது குழாய் காஸா, சிலிண்டர் காஸா என்று கேட்டபிறகே அடுப்பு வாங்க வேண்டும். இரண்டுக்கும் அடுப்பு வேறு, மாற்றி வைப்பது ஆபத்து. இன்னொன்று, சின்ன வீடுகளில் மொத்த மின்சாரமே 20, 30 ஆம்பியர்தான். ஏசி, மைக்ரோவேவ், ரைஸ் குக்கர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆகிவிடும். நான் பிப்ரவரிக் குளிரில் ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் சோறு வைக்கிறேன்.

அரைக்கவும் முடியாது, வேகவைக்கவும் முடியாது என்றானதும் முதல் ஆறு வாரம் கொன்பினி என்கிற 24 மணி நேரக் கடைகளிலேயே ஓடியது. ஒரு நாளைக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு யென். ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டை, இனிப்பு டோஃபு பைக்குள் சோறு அடைத்த இனாரி, குளிர்ந்த சோபா நூடுல்ஸ். எதிலும் கறித்துண்டு கண்ணில் படவில்லை. ஹோட்டலுக்குப் போனால் மனப்பாடம் செய்துவைத்திருந்த ஒரே வாக்கியம் 'நிகு நஷி', கறி வேண்டாம். சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு, மேலே பன்றியின் பேக்கன் துண்டு தூவிய காய்கறித் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் தடவை ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். அப்படி இல்லை. 'நிகு' என்றால் பலருக்குத் தட்டில் முழுசாகத் தெரியும் கறிதான். பேக்கன் ஒரு சுவைக்காகப் போடுவது, மீன் வேறு கணக்கு, மீன் சாறு யார் கணக்கிலும் வராது.

அந்த மீன் சாறுதான் 'தாஷி'. காயவைத்துப் புகைபோட்டுச் செதுக்கிய கட்சுவோ என்ற மீனைக் (நம் சூரை மீன் வகை) கொதிக்கும் நீரில் போட்டு எடுக்கும் ரசம் அது. நம் சமையலில் உப்பு எப்படியோ அப்படி இங்கே இது. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், ஊடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) குழம்பு, சோபா தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த பூசணிக்காய், நான் தினமும் தின்ற இனாரியின் டோஃபு என்று பெரும்பாலும் எல்லாவற்றிலும் உண்டு. ஆக ஆறு வாரமாக நான் சைவம் சாப்பிடவே இல்லை. அது எனக்குத் தெரிந்தது மே மாதத்தில். அன்றைக்குச் சாயங்காலம் வெறும் வாழைப்பழமும் கடை வாசலில் சுட்டுத்தரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாங்கிவந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். ஒரு வாரம் அப்படியே போனது. ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில் ஒரு நாள் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கு எனக்கு உதவிய ஒரு சொல்லை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'வெஜிடேரியன்' என்றால் வயதானவர்களுக்குக் காய்கறி அதிகம் விரும்புகிறவள் என்றுதான் படுகிறது. 'ஷோஜின்' என்று சொல்லிப் பாருங்கள். புத்த மடங்களின் சாப்பாட்டுக்கு 'ஷோஜின் ர்யோரி' என்று பெயர். கறி, மீன் கிடையாது, தாஷிக்குக்கூட கொம்பு என்ற கடற்பாசியும் ஷிட்டாக்கே காளானும்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் வீட்டுப் பக்கத்து ஊடோன் கடைப் பாட்டியின் முகம் மாறியது. 'அப்படியா, அப்போது இது முடியாது, இதுவும் முடியாது' என்று அவரே மெனுவில் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டிவிட்டு, வெறும் ஊடோனை வடித்து, துருவிய இஞ்சியும் சோயா சாஸும் மேலே விட்டுத் தந்தார். இந்த நாட்டில் 675-ஆம் வருஷமே தென்மு சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி தின்பதற்குத் தடை போட்டார், மெய்ஜி சக்கரவர்த்தி மாட்டுக்கறி சாப்பிட்டதை ஊரறியச் சொன்னது 1872-இல்தான் என்று பின்னால் படித்தேன். அந்தப் பாட்டிக்கு நான் கேட்டது விநோதமாகப் படாததற்கு அந்தப் பழைய நினைவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி அந்தப் பெரிய விஷயம். மே கடைசியில் ஒரு ஸ்டீல் பாத்திரம் வாங்கி நானே சமைக்க ஆரம்பித்தேன். சூப்பர் மார்க்கெட்டில் 'கரே' என்று எழுதிய அட்டைப்பெட்டி வரிசையாக இருந்தது. சாக்லேட் மாதிரி கட்டி, உடைத்து வெந்நீரில் போட்டால் குழம்பு ரெடி. பெட்டி மேல் கேரட், உருளை, வெங்காயம் படம். நம் 'கறி' என்ற சொல்தான் வெள்ளைக்காரர் வாயில் 'கரி' ஆகி, மெய்ஜி காலத்தில் இங்கே வந்து 'கரே' ஆனது என்பார்கள். வீட்டைவிட்டு ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து அந்தச் சொல்லை ஒரு பெட்டி மேல் வாசித்தபோது எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆறேழு வாரம் வாரத்துக்கு நாலு நாள் அதுதான். ராத்திரி வீடியோவில் அம்மாவிடம் கிண்ணத்தைக் காட்டி, 'பாரும்மா, இங்கயும் குழம்பு கிடைக்குது' என்று சொல்வேன். அம்மாவுக்கு அவ்வளவு நிம்மதி.

ஜூலையில் அலுவலகத்து நேபாளி நண்பர் ஒருவர் ஷின்-ஓக்குபோ போகச் சொன்னார். ஷின்ஜுக்குவிலிருந்து யமனோத்தே ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். இறங்கித் தெருவைக் கடந்தால் 'இஸ்லாம் யோகோச்சோ' என்று ஒரு சந்து, முழுக்க வங்காளதேச, நேபாள, பாகிஸ்தானியர் மளிகைக் கடைகள். என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது, மூன்றரை மாதமாக எனக்கு அது தெரியாது. துவரம்பருப்பு அலமாரி முன்னால் ஒரு அக்கா போனில் தமிழ் பேசிக்கொண்டிருந்தார். மதுரைக்காரர், பன்னிரண்டு வருஷமாக நிஷி-கசாயில் இருக்கிறார், நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி அது. போனை வைத்ததும் நானாகப் போய்ப் பேசினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பாத்திரத்தோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

சமையல் மேடையில் கிடந்த கரேப் பெட்டியை எடுத்தவர், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். 'நீ சைவம்னுதானே சொன்ன?' என்றார். 'ஆமாக்கா.' பெட்டியை என் முன்னால் வைத்து, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் நகத்தை வைத்தார். 'இந்த எழுத்தைப் பாரு. நடுவுல ஒரு நேர்கோடு, குறுக்கே ரெண்டு கோடு, இடது பக்கம் மேல கொம்பு மாதிரி ஒரு கீத்து. இதுதான் மாடு. பக்கத்துல ஏணி மாதிரி ஒண்ணு நிக்குதா, அது கொழுப்பு. மாட்டுக் கொழுப்பு. அடுத்தது பன்னிக் கொழுப்பு.' என்னால் பதில் பேச முடியவில்லை. அந்த முதல் எழுத்து எனக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து. தினமும் வாங்கும் பால் பாக்கெட்டில் இருப்பது. 'க்யூன்யூ' என்றால் பால், 'க்யூநிகு' என்றால் மாட்டுக்கறி, இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே. பார்த்துப் பழகிய எழுத்து என்பதால் அதைப் பெட்டியில் கண்டபோதெல்லாம் பால் சேர்த்திருக்கிறார்கள் என்று எண்ணியிருந்தேன்.

அக்கா போனபிறகு ரொம்ப நேரம் குளித்தேன். மற்றவர்கள் சாப்பிடுவதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் கிடையாது, அலுவலகத்தில் எல்லோரோடும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் எனக்கென்று நான் வைத்திருந்த ஒன்று என்னைக் கேட்காமலே போய்விட்டது. கோபப்பட ஆள் இல்லை. கம்பெனி ஒளிக்கவில்லை, அச்சடித்துத்தான் வைத்திருக்கிறது. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் வீடியோவில் கிண்ணத்தைக் காட்டாமல் பேச்சை மாற்றிவிட்டேன்.

அன்றைக்கு அக்கா ஒரு தாளில் எழுதிக்கொடுத்ததை வைத்துத்தான் இன்றுவரை கடைக்குப் போகிறேன். வருபவர்கள் 'நன்றி', 'மன்னிக்கவும்' கற்றுக்கொள்வதற்கு முன்னால் இந்தச் சில எழுத்துகளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன். மாடு சொன்னேன். பன்றியின் எழுத்து 'புதா', அதற்கும் இடப்பக்கம் அதே இரண்டு படி ஏணி. 'நிகு' என்பது கீழே திறந்த ஒரு கூண்டு, உள்ளே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கூரை. கோழி, மீன், பிறகு ஒலியை மட்டும் எழுதும் அசையெழுத்தில் 'கட்சுவோ', 'எக்கிசு' (சாறு), 'ஜெரச்சின்' (ஜெலட்டின்), 'ராதோ' (பன்றிக் கொழுப்பு). ஏணி எழுத்தைக் கண்டதும் பயந்துவிடவும் வேண்டாம், தாவர எண்ணெய்க்கும் அதே எழுத்து வரும், முன்னால் என்ன நிற்கிறது என்பதுதான் முக்கியம். பெட்டியில் இருக்கும் அலர்ஜி அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள். முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு இவற்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம், ஆகவே முட்டை சாப்பிடாதவர்களுக்கு அது நல்ல துணை. மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் எல்லாம் 'சொன்னால் நல்லது' பட்டியலில்தான் வரும். கட்சுவோ அந்தப் பட்டியலிலேயே கிடையாது. போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கும் செயலிகள் நேரான பெட்டிக்குச் சரி, சுருங்கிய பிளாஸ்டிக் கவரில் அச்சடித்த பொடி எழுத்தில் பாதியை விட்டுவிடும். இன்னொரு விஷயம், கட்டியில்தான் கொழுப்பு. அதே அலமாரியில் சின்னத் தகர டப்பாவில் வரும் கரேப் பொடியைப் பாருங்கள், அதில் பெரும்பாலும் மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம் மட்டும்தான் இருக்கும்.

அதற்கப்புறம் சூப்பர் மார்க்கெட் எனக்கு வேறு இடமாகிவிட்டது. ஒவ்வொரு காயாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். 'சதோய்மோ' என்று மண்ணோடு குவித்து வைத்திருந்ததைக் கையில் எடுத்தால் நம் சேப்பங்கிழங்கு. வேகவைத்துத் தோலுரித்து, மிளகாய்ப்பொடி பிரட்டி வறுத்தேன், அதே வழவழப்பு, அதே மொறுமொறுப்பு. 'கோயா' என்பது பாகற்காய், ஒகினாவாக்காரர்களின் காய், கோடையில் மலிவு. வெண்டைக்காயை வலைப்பையில் எட்டு, பத்து என்று எண்ணிப் போட்டு விற்கிறார்கள், அதைப் பார்த்தால் மனசு கேட்காது, அக்கா சொன்னபடி ஷின்-ஓக்குபோவில் உறைய வைத்த பாக்கெட் வாங்கிக்கொள்கிறேன். பச்சை மிளகாய் என்று நினைத்து நான் வாங்கிய 'ஷிஷித்தோ' பத்தைக் கீறிப் போட்டும் காரம் இல்லை, அது குடமிளகாய் ஜாதி, பத்தில் ஒன்று மட்டும் எப்போதாவது சுள்ளென்று இருக்கும். தக்காளி இனிக்கும், புளி இல்லாமல் ரசம் வைக்காதீர்கள்.

எண்ணெயில் நான் பட்டது தனி. நல்லெண்ணெய் என்று ஆசையாக வாங்கிய எள்ளெண்ணெய் கருஞ்சிவப்பாக, வறுத்த வாடையோடு இருந்தது. அதில் தாளித்த புளிக்குழம்பு சட்டியோடு குப்பைக்குப் போனது. எள்ளை வறுத்துப் பிழிவதுதான் இங்கே வழக்கம். வறுக்காமல் பிழிந்ததற்கு 'தைஹக்கு' என்று பெயர், வெளிர்நிறம், வாசனை குறைவு. இட்லிப் பொடிக்கு அதுதான் ஒத்துவரும். தயிருக்கு 'முத்தோ', அதாவது சர்க்கரை இல்லாதது என்று போட்ட 400 கிராம் டப்பா, 'காஸ்பியன் கடல்' வகை மட்டும் வேண்டாம், கரண்டியில் நூல் மாதிரி இழுபடும், மோர்க்குழம்புக்கு ஆகாது. காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி: ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு மேல் 'ஹன்கக்கு' ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பாதி விலை. அப்புறம் விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது பல கடைகளில் வரி சேராத விலை. வாங்கிப் போகும் உணவுக்கு 8 சதவீதம் வரி, உட்கார்ந்து சாப்பிட்டாலும் மற்ற சாமானுக்கும் 10.

ஆகஸ்டில் அரிசியே கடையில் இல்லாமல் போனது. 8-ஆம் தேதி பெரிய நிலநடுக்க எச்சரிக்கை ஒன்று விட்டார்கள், ஏற்கெனவே கையிருப்பு குறைந்திருந்த நேரம், ஆளுக்கு ஒரு பை என்று சீட்டு ஒட்டியும் அலமாரி காலி. அந்த மாதம் முழுக்க ஷின்-ஓக்குபோ பாஸ்மதிதான் கைகொடுத்தது. அடுத்த வசந்தத்தில் 5 கிலோ உள்ளூர் அரிசி 4,000 யென்னைத் தாண்டிவிட்டது. அரிசி, பருப்பு இரண்டும் ஒரு மாதத்துக்கு எப்போதும் கையில் இருக்கட்டும்.

ஆனால் அந்த ஒட்டும் அரிசியை நான் முதலில் வெறுத்தது தப்பு. சாம்பாருக்கு அது சேராதுதான். குழைய வேகவைத்துத் தயிர்சாதம் கிளறிப் பாருங்கள், ஊரில்கூட எனக்கு அவ்வளவு நன்றாக வந்ததில்லை. இந்த வருஷம் ஜனவரியில் பொங்கலுக்கு அதையே வைத்தேன். பாசிப்பருப்பும் ஏலக்காயும் ஷின்-ஓக்குபோவில் வாங்கியது. வெல்லத்துக்கு 'கொக்குதோ', ஒகினாவாவில் கரும்புச்சாற்றைக் காய்ச்சி எடுக்கும் கருஞ்சர்க்கரை, தட்டினால் நம் அச்சுவெல்லம் உடைவது மாதிரியே உடையும், வாசனை மட்டும் கொஞ்சம் கருப்பட்டிப் பக்கம் சாயும். பொங்கி வரும்போது வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டேன். காட்டிக்கொண்டே அந்தப் பெட்டிக் கதையையும் அப்போதுதான் சொன்னேன், மாட்டுக் கொழுப்பு வரை எல்லாவற்றையும். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'அந்த மதுரைப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடு' என்றாள். 'ஏன் இவ்வளவு கருப்பா இருக்கு? அடி பிடிச்சிட்டியா?'

'இல்லம்மா, இந்த ஊர் வெல்லம் அப்படித்தான்' என்றேன்.